தொழிற்கல்வியும் அண்ணல் அம்பேத்கரும்

அண்ணல் அம்பேத்கர் அவர்களை அரசியல் சட்டத்தின் சிற்பியாக நாம் போற்றுகின்றோம். ஆயினும் அவர் நான்காண்டுக் காலம் இந்நாட்டின் தொழிலாளர் துறையையும், அதனுடன் இணைந்திருந்த மின்சாரம், நீர்ப்பாசனம் ஆகியவற்றையும் ஏற்று நடத்தியவர் என்பதை நம்மில் பலர் நினைவிற் கொள்வதில்லை. தொழிற்பயிற்சி நாடும் நம் இளைஞர்கட்கு அவர் வாழ்வின் இப்பகுதியே பெரிதும் பயன்தரும் என்று கருதி, இவ்வெள்ளி விழா மலரில் அதனை வரைகின்றோம்.

அண்ணல் 1891 ஏப்ரல் 14 அன்று, இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள மாவ் என்னும் படை நகரில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால், இராணுவப் பள்ளியில் ஆசிரியராயிருந்தவர். தீண்டாமையின் கொடுமை வகுப்பறையிலும் தண்ணீர்ப் பானையருகிலும் சிறுவனைத் தொடர்ந்தது. எனினும் கல்வி தளரவில்லை. 1912-இல் பி.ஏ. பட்டம், 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம், பின்னர் இலண்டன், 1923-இல் அங்கே டி.எஸ்சி. பட்டம். ஓர் உதவித்தொகை ஒரு வாழ்வை எவ்வளவு உயர்த்தும் என்பதைத் தம் வாழ்விலேயே கண்டவர் அவர்.

தாயகம் திரும்பியபின் அவர் கண்ட காட்சி வேறு. பம்பாய் ஆலைகளில் நம் மக்கள் வேலை செய்தனர். ஆனால் கூலி மிகுந்த நெசவுப் பிரிவில் அவர்கட்கு இடமில்லை. அங்கே நாடாவில் நூலைக் கோப்பதற்கு வாயால் உறிஞ்ச வேண்டியிருந்தது. தீண்டத்தகாதவர் வாய்பட்ட நாடாவைப் பிறர் தொடார் என்பதே காரணம். கைத்திறன் இல்லாமையாலன்று, கைத்திறன் பெறும் வாயில் அடைக்கப்பட்டமையாலேயே நம்மவர் பின்தங்கினர். 1928-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது இவ்வநீதியை அண்ணல் தொழிற்சங்கத் தலைவர்களிடமே எழுப்பினார்.

1938 பிப்ரவரியில் மன்மாடில் கூடிய ரயில்வே தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாட்டிற்கு அவர் தலைமை தாங்கினார். தண்டவாளப் பராமரிப்புக் கூலியாகச் சேர்ந்தவர் கூலியாகவே ஓய்வு பெறுவதையும், ரயில்வே பட்டறைகளில் நம் மெக்கானிக்குகள் அரிதாயிருப்பதையும் அங்கே எடுத்துக்காட்டினார்.

1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அண்ணல் பொறுப்பேற்றார். உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. போர்த் தொழிற்சாலைகட்கு ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் போன்றோர் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டனர். அவர்களை உருவாக்க 1940-இல் தொடங்கிய தொழில்நுட்பப் பயிற்சித் திட்டமும், இளந்தொழிலாளரை இங்கிலாந்திற்கு அனுப்பிய பெவின் பயிற்சித் திட்டமும் அவர் துறையின்கீழ் இயங்கின.

அவ்வாண்டு அக்டோபரில் வைசிராய் லின்லித்கோவிடம் அவர் அளித்த நீண்ட விண்ணப்பம் நாம் மறக்கவொண்ணாதது. அட்டவணை வகுப்பு மாணவர்கள் அறிவியலும் தொழில்நுட்பமும் பயில ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாயும், வெளிநாட்டுக் கல்விக்கு 1 இலட்சம் ரூபாயும் அதில் வேண்டினார். 1943-இல் மத்திய அரசுப் பணிகளில் 8.33 விழுக்காட்டு ஒதுக்கீடு வந்தது. 1944-இல் அட்டவணை வகுப்பினர்க்கான உதவித்தொகைத் திட்டம் தொடங்கிற்று. இன்று நம் பிள்ளைகள் பெறும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் வேர் அங்கேதான் இருக்கின்றது.

மலிவான, குறைவற்ற மின்சாரமின்றித் தொழில் வளராது. தொழில் வளராவிடில் ஏழையின் வறுமை தீராது என்பது அவர் கொள்கை. 1944-இல் மத்தியத் தொழில்நுட்ப மின்சக்தி வாரியம் அமைந்தது. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்திற்கு அவர் துறை அடித்தளமிட்டது. 1945-இல் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தோன்றின. 1946-இல் வாரத்திற்கு 48 மணி நேர வேலை சட்டமாயிற்று. விடுதலைக்குப்பின் 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டமும், 1961-இல் பயிற்சியாளர் சட்டமும் வந்து, இன்றைய ஐ.டி.ஐ.கள் பெருகின. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவிய அண்ணல், அவ்வாண்டு டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

முடிச்சூரில் வாழும் நமக்கு இவ்வரலாறு தொலைவான செய்தியன்று. 1931-இலேயே கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடிற்று. 1949-இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. தோன்றிற்று, 1958-இல் கிண்டித் தொழிற்பேட்டையும், 1984-இல் தாம்பரத்தில் ஏற்றுமதி வளாகமும் வந்தன. தொழில் நம் வாயிலுக்கு வந்துவிட்டது. ஆயினும் சான்றிதழ் இல்லாத கை, ஒப்பந்தக்காரரிடம் ஹெல்ப்பர் என்ற பெயருடனேயே தேய்ந்துபோகின்றது. வேலை தெரிந்தும் ஏணி இல்லாத நிலை இது. மன்மாடில் அண்ணல் கண்டதும் இதையே.

அவ்வேணியின் படிகளை நம் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியவர் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், எலக்ட்ரானிக் மெக்கானிக் ஆகிய பிரிவுகளில் ஈராண்டு பயிலலாம். வயர்மேன் பிரிவிற்கு எட்டாம் வகுப்பே போதும். பின்னர்த் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகப் பயின்று தேசியச் சான்றிதழ் பெறலாம். ஐ.டி.ஐ. தேறியவர் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமா முடித்தவர் பொறியியற் கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலும் நேரே சேர வழியுண்டு. தனியே வயரிங் செய்ய விழைவோர் மின் உரிம வாரியத்தின் சான்று பெறுதல் நன்று.

சான்றிதழுடன் திறனும் வேண்டும். வரைபடம் படித்தல், வெர்னியராலும் மைக்ரோமீட்டராலும் பிழையின்றி அளத்தல், மோட்டாரின் சுருளைச் சோதித்தல், ரிலேயும் கான்டாக்டரும் கொண்ட பேனலை இணைத்தல், எர்த் சரிபார்த்தல், மின்சாரத்தைத் துண்டித்தபின்னரே கை வைத்தல் ஆகியன மின்சாரமும் இயந்திரமும் கூடும் தொழிலின் அரிச்சுவடி. பொறுமையும் நுண்ணிய கையும் வேண்டும் இத்தொழிலில் நம் பெண்மக்களும் சிறக்கலாம்.

நாடாவைத் தொடக்கூடாதென்று தடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள், இன்று எவ்வியந்திரத்தையும் திறந்து பார்த்துச் செப்பனிடும் உரிமை பெற்றுள்ளனர். அவ்வுரிமையைத் திறனாக மாற்றுவதே அண்ணலுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன். ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு பிள்ளையேனும் இவ்வேணியில் ஏறுக!