அளவறிந்த வினைஞர்

மகிழுந்தின் எந்திரத்திற்குள் ஒவ்வொரு நொடியும் பலமுறை எரிதல் நிகழ்கிறது. காற்றும் எரிபொருளும் உரிய அளவில் கலக்க வேண்டும். உரிய கணத்தில் தீ மூள வேண்டும். அளவு மிகுந்தால் கரும்புகை, குறைந்தால் திணறல். இந்த அளவைக் காப்பதையே தம் தொழிலாக்கிக்கொண்டவர் ராபர்ட் பாஷ்.

இளமையும் பயிற்சியும்

ஜெர்மனியின் உல்ம் நகருக்கு அருகிலுள்ள ஆல்பெக் என்னும் சிற்றூரில் 1861 ஆம் ஆண்டு செப்டம்பர் 23 அன்று பாஷ் பிறந்தார். பன்னிரு பிள்ளைகளுள் அவர் பதினொன்றாமவர். தந்தை உழவுத்தொழில் செய்ததோடு விடுதியும் நடத்தினார். உல்ம் நகரில் நுண்கருவித் தொழில் பயிலச் சேர்ந்த பாஷுக்கு அங்கு முறையான பயிற்சி கிட்டவில்லை. அக்குறையை அவர் மறக்கவில்லை. பின்னாளில், 1913 இல், தம் தொழிற்சாலையிலேயே இளைஞர்களுக்கெனத் தனிப் பயிற்சிப் பிரிவைத் தொடங்கினார்.

அமெரிக்காவில் எடிசனின் நிறுவனத்திலும் இங்கிலாந்திலும் பணியாற்றித் தாயகம் திரும்பிய அவர், 1886 நவம்பரில் ஸ்டுட்கார்ட் நகரில் சிறு பட்டறை ஒன்றைத் திறந்தார். உடன் இருந்தோர் ஒரு வினைஞரும் ஓர் ஏவல் சிறுவனுமே.

தீப்பொறி

அடுத்த ஆண்டு வாடிக்கையாளர் ஒருவருக்காக, நிலையான எந்திரங்களுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ என்னும் கருவியைப் பாஷ் செய்தளித்தார். எனினும் பட்டறை நிலைபெறப் பல்லாண்டுகள் ஆயின. இடையே கடன் சுமை அழுத்தியது. பணியாளர் பெரும்பாலோரை விலக்கவும் நேர்ந்தது. அந்நிலையிலும் தரம் குறைந்த பொருளை விற்க அவர் இசையவில்லை. பொருளை இழந்தாலும் ஈட்டலாம். வாங்குவோர் நம்பிக்கையை இழந்தால் மீட்க இயலாது என்பதே அவர் கொள்கை.

1897 இல், விரைந்து சுழலும் ஊர்தி எந்திரத்திற்கேற்ப மேக்னெட்டோ மாற்றியமைக்கப்பட்டது. 1902 இல், அவரிடம் பணியாற்றிய கோட்லோப் ஹோனோல்ட் ஸ்பார்க் பிளக்குடன் இயங்கும் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார். ஊர்தித் தொழிலின் பெருஞ்சிக்கல் ஒன்று தீர்ந்தது. திறமையாளரைக் கண்டறிந்து பொறுப்பளித்ததே பாஷின் சிறப்பு.

உழைப்பிற்கும் அளவு

பலரும் பத்து மணி நேரத்திற்கு மேல் உழைத்த காலத்தில், 1906 இல், தம் தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலைமுறையைப் பாஷ் நடைமுறைப்படுத்தினார். முதல் உலகப்போரில் வந்த ஆதாயத்தைத் தமக்கென வைத்துக்கொள்ள மனமின்றிப் பெருந்தொகையைப் பொதுப்பணிக்கு வழங்கினார்.

ஹிட்லர் ஆட்சியில் அவருக்குக் கடும் சோதனை நேர்ந்தது. அவரும் நெருங்கிய துணைவர்களும் யூதர்கள் சிலருக்கு உதவினர். ஆட்சியை எதிர்த்தோர்க்கும் துணைநின்றனர். ஆயினும் அவருடைய நிறுவனம் போர்க்கருவிகளைச் செய்தது. வலிந்து கொணரப்பட்ட தொழிலாளர்களையும் பயன்படுத்தியது. இவ்விரண்டும் வரலாற்றில் பதிந்துள்ளன.

துளியின் கணக்கு

தொடக்கக்கால டீசல் எந்திரங்களில் எரிபொருளை உருளைக்குள் செலுத்த அழுத்தக்காற்று தேவைப்பட்டது. அதற்குரிய கருவி பெரிது, ஊர்திக்குப் பொருந்தாதது. ஐந்தாண்டு முயற்சிக்குப் பின், 1927 இல், சிறுதுளி எரிபொருளை அளந்து உயர் அழுத்தத்தில் செலுத்தும் பம்பைப் பாஷின் நிறுவனம் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. சரக்குந்துகளில் டீசல் எந்திரம் பரவ அது வழிவகுத்தது.

1942 மார்ச் 12 அன்று பாஷ் மறைந்தார். அவர் தொடங்கிவைத்த அளவுப்பணி தொடர்ந்தது. பெட்ரோல் ஊர்திகளில் கார்புரேட்டரே எரிபொருளைக் காற்றில் கலந்துவந்தது. குளிர், வெப்பம், மலையேற்றம் என நிலை மாறும்போதெல்லாம் அதனால் நுட்பமாக அளக்க இயலவில்லை. அமெரிக்காவில் புகைக்கட்டுப்பாடு வலுத்த சூழலில், 1967 இல், இந்நிறுவனத்தின் மின்னணு எரிபொருள் உட்செலுத்தும் அமைப்பு வோக்ஸ்வேகன் மகிழுந்தில் இடம்பெற்றது.

அதன் செயல்முறை எளிது. பம்பு எரிபொருளை மாறா அழுத்தத்தில் வைத்திருக்கும். உட்செல்லும் காற்றின் அழுத்தம், வெப்பநிலை, எந்திரச் சுழற்சி ஆகியவற்றை உணரிகள் அறிவிக்கும். கட்டுப்பாட்டு அலகு அவற்றைக் கணக்கிட்டு, மின்காந்தத்தால் திறக்கும் உட்செலுத்தியைச் சில மில்லி நொடிகள் திறந்துவைக்கும். அழுத்தம் மாறாததால், திறந்திருக்கும் நேரமே எரிபொருளின் அளவாகிறது. பெட்ரோல் 1 கிலோ முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. 1976 முதல், வெளியேறும் புகையில் எஞ்சிய ஆக்சிஜனை உணரும் கருவியும் சேர்ந்து, இந்த விகிதம் பிறழாமல் திருத்தியது.

நிறுவனத்தின் வருவாய் பொதுநலனுக்குப் பயன்பட வேண்டும் என்பது பாஷின் இறுதி விருப்பம். அதற்கிணங்க, இன்றும் அதன் பெரும்பங்கு அறக்கட்டளை ஒன்றிற்கே உரியது. மருத்துவம், கல்வி ஆகிய துறைகளில் அவ்வறக்கட்டளை தொண்டாற்றி வருகிறது.