கண்டறியாத பறவைக்கும் வீடு காத்தவர்

நாம் செய்யும் நன்மை யாரையெல்லாம் சென்றடையும் என்பதை நாம் முழுமையாக அறிவதில்லை. மரங்களைக் காக்கப் புறப்பட்ட ஒருவர், தாம் அறியாமலே ஒரு சிறு கடற்பறவையின் இல்லத்தையும் காத்தார். அவரே கலிபோர்னியாவில் புகழ்பெற்ற ஓவியரும் புகைப்படக் கலைஞருமான ஆண்ட்ரூ ஹில்.

1853-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்த ஹில், சிறு வயதிலேயே கலிபோர்னியா வந்து சேர்ந்தார். இயேசு சபைத் துறவியர் நடத்திய சாந்தா கிளாரா கல்லூரியில் சில காலம் பயின்றார். பின்னர் சான் ஹோசே நகரில் ஓவியம் தீட்டியும் படம் பிடித்தும் வாழ்ந்து வந்தார்.

அம்மாநிலக் கடலோர மலைகளில் ரெட்வுட் என்னும் மரங்கள் வானளாவ நிற்கின்றன. 300 அடியைத் தாண்டியவையும், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவையும் அவற்றுள் உண்டு. 1900-ஆம் ஆண்டு, இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றுக்காக ஹில் அவற்றைப் படமெடுக்கச் சென்றார். தோப்பின் உரிமையாளர் படத்தகடுகளைத் தம்மிடம் ஒப்படைக்கும்படி வற்புறுத்தினார். ஹில் மறுத்துவிட்டு வெளியேறினார். அவருடைய கோபம் பகையாக மாறவில்லை. நல்லதொரு தீர்மானமாக மாறியது. இத்தகைய மரங்கள் மக்கள் அனைவருக்கும் உரியவை ஆகவேண்டும் என்று உறுதி பூண்டார்.

அவ்வாண்டு மே மாதம் பிக் பேசின் என்னும் அடர்ந்த காட்டில் நண்பர்களுடன் தங்கி, செம்பர்வைரன்ஸ் சங்கத்தைத் தோற்றுவித்தார். அன்று திரண்ட தொகை 32 டாலர்தான்! இம்முயற்சியில் பெண்மணிகளும் முன்னின்றனர் என்பது நமக்குப் பெருமை. அவர்களுள் ஜோசபின் மெக்ராக்கின் அம்மையார், 1899-ஆம் ஆண்டின் காட்டுத்தீயில் தம் இல்லத்தை இழந்தவர். எனினும் மரங்களுக்காகப் பத்திரிகையில் எழுதி மக்களைத் தட்டியெழுப்பினார்.

1901-இல் சட்டமன்றத்தில் மசோதா தடைப்பட்டபோது, சாந்தா கிளாரா கல்லூரித் தலைவர் அருட்தந்தை ராபர்ட் கென்னா உறுப்பினர்களிடம் நேரில் வாதாடித் துணைநின்றார். நிலம் வாங்க 2,50,000 டாலர் ஒதுக்கப்பட்டது. 1902-இல் ஏறத்தாழ 3,800 ஏக்கர் காடு மக்கள் உடைமையாயிற்று. 1922-இல் ஹில் காலமானார்.

அவர் மறைந்து 52 ஆண்டுகள் கழித்து, 1974-இல் ஒரு வியப்பு நிகழ்ந்தது. பிக் பேசினில் மரக்கிளைகளைச் சீர்செய்ய ஏறிய தொழிலாளி ஒருவர், ஏறக்குறைய 150 அடி உயரத்தில் ஒரு பறவைக்குஞ்சைக் கண்டார். அது மார்பிள்ட் மரலெட் என்னும் கடற்பறவையின் குஞ்சு. கடலில் இரை தேடும் இப்பறவை எங்கே முட்டையிடுகிறது என்பது அறிஞர்களுக்கு நெடுங்காலம் புதிராகவே இருந்தது. முதிர்ந்த மரத்தின் அகன்ற, பாசி படர்ந்த கிளையே இதன் தொட்டில். ஒரே ஒரு முட்டைதான் இடும். தாயும் தந்தையும் கடலிலிருந்து மீன் கொண்டுவந்து ஊட்டும். இளமரங்களில் இத்தகைய கிளை அமைவதில்லை. ஆகவே பழங்காடு அழிந்தால் இப்பறவைக்குப் போக்கிடம் ஏது?

வேறிடங்களில் பழங்காடுகள் பெரிதும் வெட்டப்பட்டுவிட்டதால், 1992-இல் அமெரிக்க அரசு இதனை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது. 2020-ஆம் ஆண்டின் பெருந்தீ பிக் பேசினின் பெரும்பகுதியைச் சுட்டெரித்தது. கருகிய ரெட்வுட் மரங்கள் பல மீண்டும் துளிர்த்துள்ளன. ஆனால் கூட்டுக்கேற்ற கிளை உருவாகப் பல தலைமுறைகள் ஆகும்.

இன்னொரு செய்தி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. காட்டை ரசிக்க வருவோர் சிந்தும் உணவுத் துணுக்குகளை நாடிக் காக்கையினப் பறவைகள் கூடுகின்றன. அவையே மரலெட்டின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுகின்றன. எனவே ஒரு துணுக்கும் சிந்தாதீர் என்று பூங்காவில் அறிவுறுத்துகிறார்கள்.

ஹில் செய்த நன்மை அவர் காணாத உயிரைச் சேர்ந்தது. நம் கவனக்குறைவும் அவ்வாறே நாம் காணாத உயிரைச் சேரும். சிட்டுக்குருவியையும் மறவாத இறைவனின் பிள்ளைகள் நாம். பள்ளி வளாகத்து மரநிழலில் உணவருந்தி எழும்போது, இதனை நினைவில் கொள்வோமாக!