பிலடெல்பியாவைக் கட்டியெழுப்பிய போர் வீரர்: ஃபிராங்க் ஃபர்னஸ்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலும் அதன் சுற்றுப்பகுதிகளிலும் 600-க்கும் மேற்பட்ட கட்டடங்களை வடிவமைத்தவர் ஃபிராங்க் ஃபர்னஸ். அவற்றுள் பெரும் புகழ்பெற்ற பல, அவர் மறைந்த அரை நூற்றாண்டுக்குள் இடிக்கப்பட்டன.

அடிமை முறையை வெளிப்படையாக எதிர்த்த கிறிஸ்தவ மதகுரு ஒருவரின் மகனாக 1839-ம் ஆண்டு நவம்பர் 12-ம் தேதி பிலடெல்பியாவில் அவர் பிறந்தார். பல்கலைக்கழகம் செல்லாத அவர், பாரீஸில் பயின்று திரும்பிய ரிச்சர்ட் மோரிஸ் ஹன்ட்டின் நியூயார்க் பயிற்சிக்கூடத்தில் கட்டடக்கலை கற்றார். உள்நாட்டுப் போர் மூண்டதும் வடக்குத் தரப்பின் குதிரைப்படையில் சேர்ந்தார். 1864 ஜூனில் வர்ஜீனியாவின் டிரெவிலியன் ஸ்டேஷனில் நடந்த சண்டையில், தோட்டாக்கள் தீர்ந்துபோகும் நிலையிலிருந்த முன்னரண் வீரர்களுக்காக, எதிரியின் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே திறந்த வெளியைக் கடந்து வெடிமருந்துப் பெட்டியைச் சுமந்து சென்றார். இத்தீரத்துக்காக நாட்டின் மிக உயரிய ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் 1899-ல்தான் அவருக்கு வழங்கப்பட்டது. புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர்களில் இவ்விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே.

போருக்குப் பின் சொந்த ஊர் திரும்பிய அவருக்குப் பெயர் தேடித் தந்தது பென்சில்வேனியா நுண்கலை அகாடமியின் புதிய கட்டடம். ஜார்ஜ் ஹெவிட்டுடன் இணைந்து அவர் வடிவமைத்த இக்கட்டடம், அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டான 1876-ல் திறக்கப்பட்டது. செங்கல், மணற்கல், மெருகேற்றிய கிரானைட் தூண்கள் எனப் பல நிறங்கள் முகப்பில் மோதிக்கொள்கின்றன. பக்கச் சுவரில் இரும்பு உத்தரமொன்று மறைக்கப்படாமலேயே தெரிகிறது. தாங்கும் உறுப்பை மூடி மறைப்பதே நாகரிகம் எனக் கருதப்பட்ட காலத்தில் அது துணிச்சல்தான்.

1873-ல் சில மாதங்கள் அவரிடம் பணியாற்றிய இளைஞர் லூயிஸ் சல்லிவன், அவ்வாண்டின் நிதி நெருக்கடியால் வேலையிழந்து சிகாகோ சென்றார். வானளாவிய கட்டடங்களின் முன்னோடியாகப் பின்னாளில் போற்றப்பட்டவர் இவரே.

ரயில் நிறுவனங்களும் வங்கிகளும் ஃபர்னஸை நாடின. எனினும் அவரது சிந்தனையின் உச்சம் 1891-ல் திறக்கப்பட்ட பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகம் எனலாம். வாசிப்புக் கூடத்தையும் நூல் அடுக்குகளையும் அவர் தனித்தனியே பிரித்தார். அடுக்குகள் இருந்த பகுதிக்குக் கண்ணாடிக் கூரையும் ஒளி ஊடுருவும் கண்ணாடித் தளங்களும் அமைத்ததால், பகல் வெளிச்சம் கீழ்த்தளம் வரை இறங்கியது. நூல்கள் பெருகினால் கடைசிச் சுவரை நகர்த்தி விரிவாக்கவும் வழி வைத்திருந்தார்.

ஆனால் காலத்தின் ரசனை மாறியது. 1893-ம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பின் வெண்ணிறச் செவ்வியல் பாணியே எங்கும் விரும்பப்பட்டது. ஃபர்னஸின் முரட்டு வடிவங்கள் அவலட்சணமாகக் கருதப்பட்டன. 1912 ஜூன் 27-ம் தேதி அவர் காலமானபோது, அவரை நகரம் ஏறக்குறைய மறந்திருந்தது.

அடுத்து இடிப்புகள் தொடர்ந்தன. 1950-களில் பிராட் ஸ்ட்ரீட் ரயில் நிலையமும் கேரன்டி டிரஸ்ட் கட்டடமும் மறைந்தன. அவரது மிகத் துணிச்சலான படைப்புகளில் ஒன்றான பிராவிடன்ட் வங்கியும் அடுத்த சில ஆண்டுகளில் தரைமட்டமானது. 1973-ல் பிலடெல்பியா கலை அருங்காட்சியகம் அவரது படைப்புகளைக் கண்காட்சியாக வைத்தபோது, அவற்றுள் பலவற்றைப் புகைப்படங்களில் மட்டுமே காண முடிந்தது.

அகாடமி 1976-லும், பல்கலைக்கழக நூலகம் 1991-லும் புதுப்பிக்கப்பட்டன. அவர் வாழ்வின் பிற்பகுதியில் அவரது நிறுவனம் வடிவமைத்த டெலாவேர் மாநிலத்தின் வில்மிங்டன் ரயில் நிலையம் இன்றும் இயங்குகிறது. செனட் உறுப்பினராக இருந்தபோது ஜோ பைடன் வாஷிங்டனுக்கு நாள்தோறும் ரயிலேறிய இந்நிலையத்துக்கு 2011-ல் அவரது பெயரே சூட்டப்பட்டது.