பூமியின் வயதைச் சொன்னவர், சேற்றில் ஈயத்தின் கணக்கைப் படித்தவர்: யார் இந்த கிளேர் பேட்டர்சன்?

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 55 கிலோமீட்டர் போனால், தடா பக்கத்தில் ஸ்ரீ சிட்டி வரும். 2008-ல் தொடங்கிய தொழில் நகரம். அதற்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் பழவேற்காடு ஏரி. ஆரணியாறும் காளங்கியாறும் கொண்டுவரும் வண்டல் அந்த ஏரியின் அடியில்தான் போய்ப் படிகிறது.

அந்தச் சேற்றில் ஈயம், குரோமியம், காட்மியம் மாதிரியான கன உலோகங்கள் இருக்கா என்று கேட்டால், பதில் சுலபம். இருக்கும். எந்த மண்ணிலும் கொஞ்சம் இருக்கும். அதில் எவ்வளவு இயற்கையாக வந்தது, எவ்வளவு நாம் சேர்த்தது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. ஈயத்தை வைத்து அந்தக் கேள்வியை விடாமல் கேட்டு, அதற்கு விலையும் கொடுத்தவர் அமெரிக்கப் புவி வேதியியலாளர் கிளேர் பேட்டர்சன்.

(ஈயம் என்றதும் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு ஞாபகம் வந்தால், அது வெள்ளீயம், வேற உலோகம். இங்கே பேசுவது காரீயம். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு.)

எங்கே அளந்தாலும் ஈயம்

1922-ல் அயோவா மாநிலத்தின் மிட்செல்வில் என்ற சின்ன ஊரில் பிறந்தார். போர்க்காலத்தில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை. போர் முடிந்ததும் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. யுரேனியம் காலப்போக்கில் ஈயமாக மாறும். அந்த ஈயத்தை அளந்து பாறையின் வயதைக் கணக்கிட வேண்டும், அதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. ஆனால் எத்தனை முறை அளந்தாலும் இருக்க வேண்டியதைவிட எக்கச்சக்கமாக ஈயம் வந்தது. பாறையில் கோளாறு இல்லை. காற்று, தூசி, கண்ணாடிக் குடுவை, தலைமுடி என்று அவரைச் சுற்றியிருந்த எல்லாவற்றிலும் ஈயம் ஒட்டியிருந்தது.

கால்டெக் நிறுவனத்துக்குப் போனதும், காற்றை வடிகட்டி அனுப்பும் ஆய்வகத்தைத் தானே கட்டினார். பாத்திரங்களை அமிலத்தில் திரும்பத் திரும்பக் கழுவினார். கூட இருந்தவர்களுக்கு எரிச்சல்கூட வந்திருக்கும். பலன் கிடைத்தது: விண்கற்களின் ஈயத்தை அளந்து, பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று 1956-ல் வெளியிட்டார். இன்றும் அந்த எண் பெரிதாக மாறவில்லை.

பெரும்பாலான கட்டுரைகள் இதோடு முடிந்துவிடும். எனக்கு அடுத்த பாதிதான் முக்கியமாகப் படுகிறது.

கடல் சேறு சொன்ன செய்தி

சாய்வா சௌ என்பவரோடு சேர்ந்து ஆழ்கடல் வண்டலை ஆராய்ந்து 1962-ல் கட்டுரை எழுதினார். கடலடிச் சேற்றில் ஆண்டாண்டு காலமாகப் படிந்த ஈயத்தோடு ஒப்பிட்டால், தன் காலத்தில் கடலுக்கு வந்த ஈயம் மிக அதிகம் என்று தெரிந்தது. அடுத்த ஆண்டு கடல்நீரை அளந்தபோது ஆழத்தைவிட மேற்பரப்பில் பல மடங்கு ஈயம். அதாவது, அது புதிதாக மேலிருந்து விழுந்தது. சந்தேகம் போன இடம், 1920-களிலிருந்து பெட்ரோலில் கலக்கப்பட்டுவந்த ஈயம். கிரீன்லாந்து பனியிலும் அதே கதைதான்: கி.மு. 800-ஐ விட 1960-களில் 200 மடங்கு.

ஈயத் தொழிலின் பக்கம் நின்ற மருத்துவர் ராபர்ட் கெஹோ, மனித உடலில் ஈயம் இருப்பது இயல்பு, குறிப்பிட்ட அளவுவரை ஆபத்தில்லை என்று வாதிட்டார். பேட்டர்சனின் பதிலை இப்படிச் சுருக்கலாம்: எல்லோரிடமும் இருப்பதாலேயே ஒன்று இயற்கையாகிவிடாது. 1965-ல் இதை அச்சில் எழுதினார். எண்ணெய் நிறுவனங்களின் நிதி நின்றது. அரசு சுகாதாரத் துறை ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. 1971-ல் காற்றிலுள்ள ஈயம் பற்றி அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு அறிக்கை தயாரித்தபோது, அதைப்பற்றி அதிகம் தெரிந்த மனிதரையே சேர்க்கவில்லை!

அவர் நிறுத்தவில்லை. யோசெமிட்டி மலையில், ஆலையோ நகரமோ பக்கத்தில் இல்லாத ஒரு குளத்தின் சேற்றை அடுக்கடுக்காக எடுத்தார். அங்கும் மேலடுக்குகளில் மனிதர் காற்றில் விட்ட ஈயம். அந்தக் கட்டுரை 1980-ல் வந்தது.

சேற்றுக்குத் தேதி எப்படிப் போடுகிறார்கள்? வேடிக்கை என்னவென்றால், கடிகாரமும் ஈயம்தான். ஈயம்-210 என்ற கதிரியக்க வகை காற்றிலிருந்து விழுந்து சேற்றில் புதைகிறது. சுமார் 22 ஆண்டுகளில் பாதியாகிறது. மிச்சத்தை அளந்தால் அந்த அடுக்கின் வயது தெரியும். ஏறக்குறைய கடைசி 100 ஆண்டுகளுக்கு இது செல்லும். ஏரி வண்டலுக்கு இந்த முறையை 1971-ல் பயன்படுத்திக் காட்டியவர்களில் இந்திய விஞ்ஞானிகள் எஸ். கிருஷ்ணசாமியும் தேவேந்திர லாலும் உண்டு.

பேட்டர்சன் 1995 டிசம்பர் 5-ம் தேதி இறந்தார். அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு ஈய பெட்ரோல் முழுத் தடை 1996 ஜனவரி 1-ல் அமலானது. நாலு வாரத்தில் தவறவிட்டார். இந்தியா 2000-ல் நிறுத்தியது. கடைசி நாடான அல்ஜீரியா 2021-ல்.

பழவேற்காட்டுக்கு இது எதற்கு?

நீர் மாதிரி அன்றைய நிலவரத்தைத்தான் சொல்லும். கழிவு கலந்த மறுவாரம் வந்து அளந்தால் ஒன்றுமே தெரியாமல் போகலாம். களிமண் துகளோடு ஒட்டிக்கொண்ட உலோகம் அப்படி ஓடிவிடாது. பழவேற்காட்டின் நீர், வண்டல், கடற்பாசி மூன்றிலும் காட்மியம், குரோமியம், ஈயம் அளந்த ஆய்வு ஒன்று 2008-லேயே வெளியானது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நண்டும் புழுவும் குடைந்த இடத்தில், தூர்வாரிய இடத்தில் அடுக்குகள் கலந்துவிடும். அங்கே எடுத்த சேற்றை நம்ப முடியாது. கலையாத இடத்தில் குழாயைச் செருகி எடுத்தால், 2008-க்கு முந்தைய அடுக்கும் பிந்தைய அடுக்கும் ஒரே குழாயில் வரும். மேலே உலோகம் கூடியிருந்தால் எப்போதிலிருந்து என்று தெரியும். கூடவில்லை என்றால் ஆலைகள்மேல் வீண்பழி போடவும் முடியாது. கூடியிருந்து, அது ஈயமாக இருந்தால், ஆலையிலிருந்து வந்ததா, பழைய பெட்ரோல் புகையிலிருந்து வந்ததா என்று அதன் ஐசோடோப்பு விகிதத்தைப் பார்த்துப் பிரிக்க வழி இருக்கிறது. யோசெமிட்டி குளத்தில் பேட்டர்சன் செய்ததும் அதையேதான்.