இருப்பில் வைக்கப்படும் இளமை

ஏலக்காயை இருப்பு வைப்பது எங்கள் ஊரில் யாரும் குறை சொல்லாத தொழில்முறை. போடிநாயக்கனூர் ஏல மையத்தில் விலை இறங்கிக் கிடக்கும் நாளில் சரக்கை வாங்கிக் கிடங்கில் அடுக்கவும், விலை ஏறும்வரை பொறுத்திருக்கவும் கையில் முதல் வேண்டும். முதல் உள்ள வியாபாரி பொறுத்திருக்கிறார். மலைச்சரிவில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் காய் உலர்ந்த கையோடு விற்றாக வேண்டியிருக்கிறது. ஆனால், கிடங்குக்கும் ஒரு வரம்பு உண்டு. வெளிச்சம் பட்டால் காயின் பச்சை வெளுக்கும். நாள் கடந்தால் மணம் குறையும். அந்த இழப்பு வியாபாரியையே சேரும் என்பதால் அவர் கணக்குப் பார்த்தே காத்திருக்கிறார்.

மனிதத் திறமையை இருப்பு வைப்பவர்களுக்கு அந்த அச்சம் இல்லை. அங்கே வெளுப்பது வேறொருவரின் இளமை.

ஐரோப்பாவின் பெரும் பணக்காரக் கால்பந்துக் கழகங்கள் இதை ஒரு வழக்கமாகவே ஆக்கிவிட்டன. பதினாறு, பதினெட்டு வயதில் மின்னும் ஆட்டக்காரர்களைத் தேடிப்பிடித்து ஒப்பந்தம் செய்கின்றன. அவர்களில் மிகச் சிலரே முதல் அணியில் ஆடுகின்றனர். மற்றவர்கள் பயிற்சித் திடலிலும் மாற்று ஆட்டக்காரர் வரிசையிலும் காலம் கழிக்கின்றனர். அல்லது ஆண்டுக்கொரு ஊரில், ஆண்டுக்கொரு கழகத்தில் இரவல் ஆட்டக்காரர்களாக அலைகின்றனர். இங்கிலாந்தின் செல்சீ கழகம் ஒரே பருவத்தில் ஏறத்தாழ 40 பேரை இரவலுக்கு அனுப்பியிருந்த காலமும் உண்டு.

இதற்குக் காரணங்கள் எளியவை. பத்துப் பேரில் ஒருவர் பெரிய ஆட்டக்காரராக வளர்ந்தால், மற்ற ஒன்பது பேருக்குச் செய்த செலவு திரும்பிவிடும். வளராவிட்டாலும் விற்றுக் காசாக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இளைஞர் போட்டிக் கழகத்தின் கைக்குப் போகாமல் தடுத்தாயிற்று. செல்வம் மிகுந்த கழகத்துக்கு அவருடைய ஊதியம் ஒரு பொருட்டன்று. ஆடாமல் கழிந்த மூன்று ஆண்டுகளோ அந்த இளைஞருக்கு ஆட்டவாழ்வின் கால்பங்கு.

இந்த வழக்கம் கால்பந்துக்கு மட்டும் உரியதன்று. இன்று நேற்றுப் பிறந்ததும் அன்று. பணமும் பதவியும் உள்ளவர்கள் ஒரு திறமையாளரை அழைத்துச் சென்று அமரவைத்தால் என்ன நேரும் என்பதற்கு நம் தமிழகத்திலேயே ஒரு வாழ்க்கை சான்றாக இருக்கிறது. கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடிய எம்.ஜே. கோபாலனின் வாழ்க்கை அது.

செங்கல்பட்டுப் பகுதியைச் சேர்ந்த மொறப்பாக்கத்தில் 1909 ஜூன் 6 அன்று பிறந்தவர் கோபாலன். சென்னைக் கிரிக்கெட்டை வளர்த்தவர்களுள் ஒருவரான சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயரின் கண்ணில் இந்த இளம் வேகப்பந்து வீச்சாளர் பட்டார். ஜான்ஸ்டன் பாராட்டுவதோடு நிற்கவில்லை. பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் கோபாலனுக்கு வேலை பெற்றுத் தந்தார். அன்றைய முன்னணி அணிகளுள் ஒன்றான திருவல்லிக்கேணி கிரிக்கெட் கழகத்தில் ஆடவும் வழிசெய்தார். சோற்றுக்கு வேலை, ஆட்டத்துக்குக் களம் என்ற இரண்டையும் சேர்த்தே தந்த அந்த உதவியை நான் இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திறமையை அரவணைப்பது என்றால் இதுதான்.

கோபாலன் விரைந்து உயர்ந்தார். 1934 ஜனவரியில் டக்ளஸ் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணிக்கு எதிராகக் கொல்கத்தா ஈடன் கார்டன் மைதானத்தில் டெஸ்ட் போட்டியில் ஆடினார். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னை, மைசூர் அணிகள் மோதியபோது ரஞ்சிக் கோப்பையின் வரலாறு தொடங்கியது. அந்தக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். ஏ.ஜி. ராம்சிங்கின் சுழலில் மைசூர் சுருண்டு, ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. ஆயினும், இந்தியாவின் முதன்மையான உள்நாட்டுப் போட்டியின் முதல் பந்து ஒரு தமிழரின் கையிலிருந்து புறப்பட்டது என்ற பெருமை நிலைத்துவிட்டது.

ஹாக்கியிலும் அவர் இதற்குக் குறைந்தவர் அல்லர். 1935-இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா நாடுகளுக்குச் சென்ற இந்திய ஹாக்கி அணியில் கோபாலன் இடம்பெற்றார். அந்தப் பயணத்தில் இந்தியா 48 ஆட்டங்களில் 584 கோல்கள் அடித்தது. உலகில் எதிரியே இல்லாத அணி என்று அதைச் சொன்னால் மிகையாகாது. அடுத்த ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் காத்திருந்தது.

அங்கேதான் பாதை பிரிந்தது. 1936 கோடையில் இந்தியக் கிரிக்கெட் அணி இங்கிலாந்து செல்லவிருந்தது. ஹாக்கி அணி பெர்லின் செல்லவிருந்தது. ஒருவரே இரண்டிலும் இருக்க இயலாது. அந்நாளில் இங்கிலாந்து மண்ணில் கிரிக்கெட் ஆடுவதைவிடப் பெரிய மதிப்பு ஓர் இந்திய ஆட்டக்காரருக்கு இருந்திருக்காது. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஒலிம்பிக் அணிக்கான தேர்வு ஆட்டங்களை விட்டுவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

அந்தக் கிரிக்கெட் அணியின் தலைவர் விஸ்ஸி என்று அழைக்கப்பட்ட மகாராஜகுமார். இன்றைய ஆந்திரத்தில் உள்ள விஜயநகரம் அரச குடும்பத்தவர். இங்கிலாந்தின் ஜாக் ஹாப்ஸையும் ஹெர்பர்ட் சட்கிளிஃபையும் இந்தியாவுக்கு வரவழைத்துத் தம் சொந்த அணியில் ஆடவைத்த அளவுக்குச் செல்வம் உடையவர். செல்வமும் செல்வாக்கும் அவரை அணித்தலைவராக்கின, ஆட்டம் ஆக்கவில்லை. மூன்று டெஸ்டுகளிலும் சேர்த்து அவர் எடுத்த ஓட்டங்கள் 33.

இந்தியாவின் முதல் டெஸ்ட் சதத்தை அடித்த லாலா அமர்நாத், ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் முதல் டெஸ்டுக்கு முன்பே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். வங்காளத்தின் வேகப்பந்து வீச்சாளர் ஷூட் பானர்ஜிக்கு ஒரு டெஸ்டும் கிடைக்கவில்லை. கோபாலனுக்கும் கிடைக்கவில்லை. லார்ட்ஸ், ஓல்ட் டிராஃபோர்ட், ஓவல் என்று மூன்று களங்களிலும் அவர் அணியோடு இருந்தார், அணிக்குள் இல்லை. ஓல்ட் டிராஃபோர்டில் விஜய் மெர்ச்சன்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ஓட்டங்கள் சேர்த்துத் தோல்வியைத் தவிர்த்தனர். மற்ற இரண்டு டெஸ்டுகளிலும் இந்தியா 9 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது.

ஓவல் டெஸ்ட் தொடங்கிய நாள் 1936 ஆகஸ்ட் 15. அதே நாளில்தான் பெர்லினில் ஹாக்கி இறுதி ஆட்டம் நடந்தது. மழையால் ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்ட அந்த ஆட்டத்தில் இந்தியா ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கம் பெற்றது. ஓராண்டுக்கு முன் தம்மோடு நியூசிலாந்தில் ஆடிய தோழர்கள் வெற்றி மேடையில் நின்றபோது, கோபாலன் தமக்கு இடமில்லாத ஓர் அணியோடு இங்கிலாந்தில் இருந்தார்.

இரண்டு அணிகளும் ஆட்களைக் கையாண்ட விதத்தில் உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. பெர்லினில் ஒலிம்பிக் தொடங்குமுன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் இந்தியா ஜெர்மனியிடம் 4-1 என்று தோற்றது. அணியில் ஒரு குறை இருக்கிறது என்று உணர்ந்ததும் இந்தியாவிலிருந்த தாரா என்ற ஆட்டக்காரருக்குத் தந்தி பறந்தது. அவர் வந்துசேர்ந்தார், ஆடினார். அங்கே தேவை இருந்தது, அதனால் ஆளை அழைத்தார்கள். இங்கிலாந்தில் தேவை என்ன என்று தெளியாமலே ஆட்களைத் திரட்டிச் சென்றிருந்தார்கள்.

விஸ்ஸிக்கும் நியாயம் வழங்க வேண்டும். அன்று இந்தியாவின் புதுப்பந்து முகமது நிசார், அமர்சிங் என்ற இருவர் கையில் இருந்தது. அவர்களைத் தாண்டி ஒரு வேகப்பந்து வீச்சாளர் இடம்பிடிப்பது எவருக்கும் கடினம். கோபாலனைச் சேர்க்காதது ஆட்டக் கணக்கில் பெரும் பிழை என்று நான் வாதிடவில்லை. வேறொரு களம் அவருக்காகக் காத்திருந்த வேளையில், இங்கே இடம் உண்டா என்று எண்ணிப் பாராமல் அழைத்துச் சென்றதே பிழை. முடிவு அவருடையதுதான், ஆனால் அந்த முடிவை எடுக்கத் தேவைப்பட்ட உண்மை அவருக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

காலம் அவருக்கு இரண்டாவது வாய்ப்பைத் தரவில்லை. 1936-க்குப் பின் இந்தியா மீண்டும் ஒரு டெஸ்ட் ஆடியது 1946-இல்தான். உலகப் போரால் 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகளும் நடைபெறவில்லை. 27 வயதில் இங்கிலாந்தில் காத்திருந்தவருக்கு, கதவுகள் மீண்டும் திறந்தபோது வயது 37. கொல்கத்தாவில் ஆடிய ஒரே டெஸ்டோடு அவருடைய டெஸ்ட் வாழ்வு முடிந்தது. ஷூட் பானர்ஜியின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1946-இல் இரண்டாம் முறையும் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு, இரண்டாம் முறையும் டெஸ்ட் ஆடாமல் திரும்பினார். 1949-இல் மும்பையில், 37 வயதில், கிடைத்த ஒரே டெஸ்டில் 5 விக்கெட்டுகள் வீழ்த்தினார். பத்து ஆண்டுகளுக்கு முன் ஆடியிருந்தால் என்ன செய்திருப்பார் என்ற கேள்விக்கு இனி விடை இல்லை.

கோபாலன் கசந்து ஒதுங்கிவிடவில்லை. நெடுங்காலம் ரஞ்சிக் கோப்பையில் ஆடினார். சென்னை அணிக்குத் தலைமை தாங்கினார். பின்னாளில் தேசியத் தேர்வாளராகவும் பணியாற்றினார். சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே 1952-53 பருவத்தில் தொடங்கிய போட்டிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 2003 டிசம்பர் 21 அன்று சென்னையில் மறைந்தபோது, உலகில் உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களிலேயே வயதில் மூத்தவராக இருந்தார். நிறைவான வாழ்வுதான். ஆனால், ஒலிம்பிக் தங்கம் வென்றவர்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

அவருடைய காலத்தில் ஒப்பந்தம் என்ற தளை இல்லை. இன்று இருக்கிறது. அன்று ஒரு கோடைக்காலம் போயிற்று. இன்று ஒரு கையெழுத்தில் மூன்று, நான்கு ஆண்டுகள் போகின்றன. இதை உணர்ந்தே பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா, ஒரு கழகம் பன்னாட்டு அளவில் இரவலுக்கு அனுப்பக்கூடிய ஆட்டக்காரர்களுக்கு உச்சவரம்பு விதித்தது. 2022 ஜூலையில் எட்டு என்று தொடங்கிய அந்த வரம்பு 2024-இல் ஆறாகக் குறைந்தது. நல்ல தொடக்கம். ஆயினும், 21 வயது வரை உள்ளவர்களும் கழகத்திலேயே பயிற்சி பெற்று வளர்ந்தவர்களும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இளையோர் எங்கேனும் ஆடட்டும் என்பது அந்த விலக்கின் நோக்கமாக இருக்கலாம். ஆனால் யார் பெருமளவில் திரட்டப்படுகிறார்களோ, அவர்களுக்கே காப்பு இல்லை.

இவையெல்லாம் ஏலமலைச் சரிவில் வாழும் நமக்குத் தொலைவான செய்திகள் அல்ல. போடிமெட்டுக்கு அப்பால், மூணாறு தேயிலைத் தோட்டங்களில் ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய ஃபின்லே கேடயக் கால்பந்துப் போட்டிக்காகத் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் இன்றும் ஆடுகிறார்கள். மலையேறி இறங்கியே உரம்பெற்ற கால்கள் அவை. 2023 ஜூன் முதல் போடியிலிருந்து சென்னைக்கு நேரடி ரயிலும் ஓடுகிறது. திறமையைத் தேடி வருவோர்க்கும், திறமையோடு புறப்படுவோர்க்கும் தொலைவு சுருங்கிவிட்டது.

நானறிந்த ஏலத்தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகன், வெளிமாநிலத்துப் பயிற்சிக் கழகம் ஒன்றில் சேர்க்கப்பட்டான். உணவு, உடை, தங்குமிடம் எதற்கும் குறைவில்லை. இரண்டு பருவங்கள் கழிந்தன. ஒரு போட்டியிலும் களமிறக்கப்படவில்லை. வேறு எந்த அணிக்கும் ஆடக் கூடாது என்று ஒப்பந்தம் சொன்னதால், விடுமுறையில் வந்தபோது ஊர்ப் போட்டியையும் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தான். இருபது வயதில் ஊர் திரும்பினான். அவன் திறமை எவ்வளவு என்று அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அதைவிடப் பெரிய அநீதி வேறென்ன?

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. இளையோருக்கான ஒப்பந்தத்தில், ஆண்டுக்கு இத்தனை ஆட்டங்கள் தரப்படும், தராவிட்டால் அவர் தடையின்றி வெளியேறலாம் என்ற ஒரு விதியைக் கட்டாயமாக்கலாம். எத்தனை பேரைச் சேர்த்தோம், அவர்களில் எத்தனை பேரைப் போட்டிகளில் ஆடவைத்தோம் என்ற கணக்கை ஒவ்வொரு கழகமும் ஆண்டுதோறும் வெளியிடச் செய்யலாம். உள்ளூர்ப் போட்டிகளில் ஆடுவதைத் தடுக்கும் விதியை, கழகத்துக்காக ஆடாதவர்கள் விஷயத்திலாவது நீக்கலாம்.

விதிகள் வரும்வரை பெற்றோரும் உடற்கல்வி ஆசிரியர்களும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தோடு ஒருவர் வாசலுக்கு வரும்போது, எவ்வளவு தருவீர்கள் என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சென்ற ஆண்டு நீங்கள் அழைத்துச் சென்ற பிள்ளைகள் எத்தனை ஆட்டங்கள் ஆடினார்கள் என்பதே அது. 1936-இல் கோபாலனுக்காக யாரேனும் இப்படிக் கேட்டிருந்தால், பெர்லின் தங்கத்தில் மொறப்பாக்கத்துக்கும் ஒரு பங்கு இருந்திருக்கக்கூடும்.