பிரெடரிக் ஃபிரோபெல்

பிரெடரிக் வில்ஹெல்ம் ஆகஸ்ட் ஃபிரோபெல் (ஏப்ரல் 21, 1782 - ஜூன் 21, 1852) ஜெர்மனியைச் சேர்ந்த கல்வியாளர் ஆவார். கிண்டர்கார்ட்டன் எனப்படும் மழலையர் கல்வி முறையைத் தோற்றுவித்தவர் இவரே. பள்ளி வயதை எட்டாத குழந்தைகள் விளையாட்டின் மூலமும் கைவேலைகளின் மூலமும் கற்கின்றனர் என்பது இவரது அடிப்படைக் கொள்கை ஆகும். தாள் மடித்தல், தாள் பின்னல், அட்டையில் தையல், களிமண் வேலை, தோட்ட வேலை ஆகியவற்றை ஓர் ஒழுங்குமுறைக்குள் கொண்டு வந்து சிறு குழந்தைகளின் கல்வியில் இடம்பெறச் செய்தார். தமிழ்நாட்டில் வழங்கும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்னும் பெயர்களில் உள்ள கே.ஜி. என்பது, இவர் உருவாக்கிய கிண்டர்கார்ட்டன் என்ற சொல்லின் சுருக்கமே ஆகும்.

இளமைக்காலம்

ஃபிரோபெல் துரிங்கியா மலைப் பகுதியில் உள்ள ஓபர்வைஸ்பாக் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை யோகான் யாக்கோப் ஃபிரோபெல் லூத்தரன் திருச்சபையின் போதகர். ஃபிரோபெல் பிறந்து ஓர் ஆண்டு நிறைவதற்குள் தாய் இறந்துவிட்டார். 1785 இல் தந்தை மறுமணம் செய்துகொண்டார். தமக்கென ஒரு குழந்தை பிறந்த பின்னர் சிற்றன்னை இவரைக் கவனிக்கவில்லை. தந்தைக்கோ திருச்சபைப் பணிகளே மிகுதியாக இருந்தன. எனவே, வீட்டையும் வீட்டைச் சுற்றியிருந்த தோட்டத்தையும் துணையாகக் கொண்டு ஃபிரோபெல் தனிமையில் வளர்ந்தார். தொடக்கக் கல்வியை உள்ளூர்ப் பெண்கள் பள்ளியில் பெற்றார்.

1792 இல் தாய்மாமன் ஹோஃப்மன் இவரை ஸ்டாட்டில்ம் நகருக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். அங்கு கழித்த ஐந்து ஆண்டுகளே இவரது இளமையின் மகிழ்ச்சியான காலமாகும். தாயன்பை இழந்து வளர்ந்த இவர், பிற்காலத்தில் தாய்க்கும் சேய்க்கும் இடையிலான விளையாட்டையே கல்வியின் தொடக்கமாகக் கொண்டது குறிப்பிடத்தக்கது.

கல்வியும் ஆசிரியப் பணியும்

1797 முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு வன அலுவலரிடம் தொழில் பயின்றார். 1799 இல் யேனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆனால், பெற்ற கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமல் பல்கலைக்கழகச் சிறையில் சில வாரங்கள் அடைக்கப்பட்டார். 1801 இல் படிப்பை முடிக்காமலேயே ஊர் திரும்பினார். அதன் பின்னர் பல சிறு வேலைகளைச் செய்து வந்தார்.

1805 இல் கட்டடக் கலை பயிலும் நோக்குடன் ஃபிராங்க்பர்ட் நகருக்குச் சென்றார். அங்கு மாதிரிப் பள்ளி ஒன்றின் தலைவராக இருந்த அன்டோன் குரூனர் இவரை ஆசிரியராகப் பணியாற்ற அழைத்தார். வகுப்பறையில் நின்றபோதே தமது தொழில் இதுதான் என்பதை ஃபிரோபெல் உணர்ந்தார். அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் இவெர்டன் நகருக்குச் சென்று, புகழ்பெற்ற கல்வியாளர் பெஸ்டலாட்சியின் பள்ளியைப் பார்வையிட்டார். 1808 முதல் 1810 வரை தம் பொறுப்பில் இருந்த மூன்று மாணவர்களுடன் அங்கேயே தங்கினார். பொருள்களைக் கண்டும் தொட்டும் கற்க வேண்டும் என்ற பெஸ்டலாட்சியின் கொள்கை இவரை ஈர்த்தது.

பின்னர் கோட்டிங்கன், பெர்லின் ஆகிய நகரங்களில் இயற்கை அறிவியல் பயின்றார். 1813 இல் நெப்போலியனுக்கு எதிரான போரில் தன்னார்வப் படையில் சேர்ந்தார். அங்கு நண்பர்களான மிடன்டோர்ஃப், லாங்கேதால் இருவரும் பின்னர் இவருடன் பணியாற்றினர். போருக்குப் பின் பெர்லினில் பேராசிரியர் வைஸ் என்பவரின் கீழ் கனிமக் காட்சியகத்தில் உதவியாளராக இருந்தார். எளிய வடிவங்களிலிருந்து சிக்கலான வடிவங்கள் தோன்றும் முறையைப் படிகங்களில் கண்ட அனுபவம், பின்னாளில் இவர் உருவாக்கிய விளையாட்டுப் பொருள்களில் வெளிப்பட்டது.

கைல்ஹாவ் பள்ளி

ஃபிரோபெலின் அண்ணன் கிறிஸ்டோஃப் 1813 இல் நோயுற்ற படைவீரர்களுக்குப் பணிவிடை செய்து, தாமும் நோய் தொற்றி இறந்தார். அவருடைய பிள்ளைகளின் கல்விப் பொறுப்பை ஏற்ற ஃபிரோபெல், 1816 இல் கிரீஸ்ஹைம் என்னும் ஊரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அப்பள்ளி ரூடோல்ஸ்டாட் அருகிலுள்ள கைல்ஹாவ் சிற்றூருக்கு மாற்றப்பட்டது. பாடங்களுடன் உடலுழைப்பும் கைத்தொழிலும் அங்கு இடம்பெற்றன. 1818 இல் பெர்லினைச் சேர்ந்த ஹென்ரியட் ஹோஃப்மைஸ்டரை மணந்தார். 1826 இல் மனிதனின் கல்வி என்னும் இவரது முதன்மையான நூல் வெளிவந்தது.

அக்காலத்தில் சுதந்திரச் சிந்தனையைப் பரப்பும் இடங்களாகக் கருதப்பட்ட பள்ளிகளின்மீது அரசுகள் ஐயம் கொண்டிருந்தன. கைல்ஹாவ் பள்ளியையும் அரசு ஆய்வு செய்தது. ஆய்வறிக்கை பள்ளியைப் பாராட்டியே அமைந்தது. எனினும், எழுந்த ஐயம் நீங்கவில்லை. பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சென்றனர். கால் நூற்றாண்டுக்குப் பின்னர் இவர் சந்திக்கவிருந்த பெரிய தடைக்கு இது ஒரு முன்னறிவிப்பு போன்று அமைந்தது.

1831 இல் ஃபிரோபெல் சுவிட்சர்லாந்து சென்று அங்கு சில பள்ளிகளை நடத்தினார். பர்க்டார்ஃப் நகர அனாதை இல்லத்தின் பொறுப்பையும் ஏற்றார். அங்கிருந்த சிறு குழந்தைகளைக் கவனித்தபோது, பள்ளியில் சேர்வதற்கு முந்தைய ஆண்டுகளே மிக முக்கியமானவை என்ற முடிவுக்கு வந்தார். மனைவியின் உடல்நலம் குன்றியதால் 1836 இல் ஜெர்மனி திரும்பினார்.

பரிசுப் பொருள்கள்

1837 இல் பாட் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில், சிறு குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்களைச் செய்யும் நிலையம் ஒன்றை ஃபிரோபெல் தொடங்கினார். இப்பொருள்களுக்குப் பரிசுகள் என்று பெயரிட்டார். அவற்றுள் முக்கியமானவை பின்வருமாறு:

முதல் பரிசு: கம்பளி நூலால் பின்னப்பட்ட ஆறு மென்மையான பந்துகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். தொங்கவிட்டு ஆட்டுவதற்கு நூல் கட்டப்பட்டிருக்கும்.
இரண்டாம் பரிசு: மரத்தாலான கோளமும் கனசதுரமும். இவ்விரண்டின் இயல்பையும் ஒருங்கே கொண்ட உருளை பின்னர் சேர்க்கப்பட்டது.
மூன்றாம் பரிசு: எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரிக்கப்பட்ட ஒரு கனசதுரம்.
நான்காம் பரிசு: செங்கல் வடிவில் எட்டுக் கட்டைகளாகப் பிரிக்கப்பட்ட ஒரு கனசதுரம்.

ஐந்தாம், ஆறாம் பரிசுகளில் கட்டைகளின் எண்ணிக்கையும் வடிவங்களும் கூடுகின்றன. விளையாடி முடித்த பின் கட்டைகள் அனைத்தையும் முன்போல் ஒரே கனசதுரமாக அடுக்கிப் பெட்டியில் வைப்பதும் விளையாட்டின் ஒரு பகுதியே ஆகும். பகுதிகள் சேர்ந்து முழுமை ஆவதைக் குழந்தை இதன் மூலம் தன் கையாலேயே உணரும் என்று ஃபிரோபெல் கருதினார்.

கைவேலைகள்

பரிசுப் பொருள்கள் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பக் கூடியவை. கைவேலைகளிலோ குழந்தை புதியதொரு பொருளைச் செய்து முடிக்கிறது. இவற்றுக்குப் பெரும்பாலும் தாள், நூல், குச்சி, களிமண் போன்ற எளிய பொருள்களே போதுமானவை.

தாள் வேலை: சதுரத் தாளை மடித்து உருவங்கள் செய்தல், மடித்த தாளை வெட்டி விரித்தல், வண்ணத் தாள் கீற்றுகளைப் பாய் முடைவது போல் மேலும் கீழுமாகப் பின்னுதல் ஆகியன.
தையல்: முதலில் அட்டையில் ஊசியால் புள்ளிகள் குத்தப்படும். பின்னர் அத்துளைகளின் வழியே வண்ண நூலைக் கோத்துக் கோடுகளும் உருவங்களும் தைக்கப்படும்.
பட்டாணி வேலை: பட்டாணிகளை நீரில் ஊறவைத்து, அவற்றில் மெல்லிய குச்சிகளைச் செருகி வீடு, நாற்காலி முதலிய வடிவங்களை அமைத்தல். பட்டாணி காய்ந்து சுருங்கும்போது குச்சிகளை இறுகப் பிடித்துக்கொள்ளும்.
களிமண் வேலை: உருண்டை, கனசதுரம் போன்ற வடிவங்களில் தொடங்கிப் பழங்கள், பாத்திரங்கள் முதலியவற்றைச் செய்தல்.

தாய்மாருக்கான பாடல் நூல்

1844 இல் ஃபிரோபெல் தாய்மாருக்கான பாடல்களும் விரல் விளையாட்டுகளும் அடங்கிய நூலை வெளியிட்டார். இதற்கு உங்கர் படங்கள் வரைந்தார். கோல் இசை அமைத்தார். வீட்டிலும் ஊரிலும் அன்றாடம் நிகழும் வேலைகளே இப்பாடல்களின் பொருள் ஆகும். ஒரு விளையாட்டில் குழந்தை கைகளைத் தட்டி, மாவைத் தட்டிப் பணியாரம் சுடுவது போல் நடிக்கிறது. மற்றொன்றில் புல் அறுப்பவரும் மாடும் பாலும் வருகின்றனர். உண்ணும் உணவு எங்கிருந்து வருகிறது, அதன் பின்னால் எத்தனை பேரின் உழைப்பு உள்ளது என்பதைத் தாய் குழந்தைக்கு எடுத்துக்காட்ட வேண்டும் என்பதே நூலின் நோக்கம்.

கிண்டர்கார்ட்டன்

1839 இல் மனைவி ஹென்ரியட் இறந்தார். அடுத்த ஆண்டு வசந்த காலத்தில், நண்பர்களுடன் மலைப் பாதையில் நடந்து சென்றுகொண்டிருந்தபோது தம் நிறுவனத்துக்கு உரிய பெயர் இவருக்குத் தோன்றியது. கிண்டர்கார்ட்டன் என்றால் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். ஜூன் 28, 1840 அன்று பாட் பிளாங்கன்பர்க்கில் இப்பெயரில் நிறுவனம் முறைப்படி தொடங்கப்பட்டது. பெண்களிடம் பங்குகள் விற்று நிதி திரட்டும் திட்டம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆயினும் ஃபிரோபெல் ஊர் ஊராகச் சென்று தம் முறையை விளக்கி வந்தார்.

தோட்டம் என்பது வெறும் உவமை அன்று. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே ஒரு சிறு பாத்தி ஒதுக்கப்பட்டது. அவற்றைச் சுற்றிலும் பூக்களும் காய்கறிகளும் தானியங்களும் வளரும் பொதுப் பாத்திகள் இருந்தன. விதைத்தல், நீர் ஊற்றுதல், அறுவடை செய்தல் ஆகியவற்றின் மூலம் குழந்தைகள் பருவ மாற்றங்களை அறிந்தனர். தனக்குரியதையும் அனைவருக்கும் பொதுவானதையும் பேணக் கற்றனர்.

சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கப் பெண்களே மிகவும் ஏற்றவர்கள் என்று கருதிய ஃபிரோபெல், அவர்களுக்கு முறையான பயிற்சி அளித்தார். பெண்களுக்குத் தொழில் வாய்ப்புகள் அரிதாக இருந்த அக்காலத்தில் இது ஒரு புதிய வழியைத் திறந்தது. 1848 இல் ரூடோல்ஸ்டாட்டில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் சிலர் இம்முறையை எள்ளி நகையாடினர். எனினும் பலர் ஆதரித்தனர். 1849 இல் பாட் லீபன்ஸ்டைன் நகரில் பெர்த்தா ஃபான் மாரன்ஹோல்ட்ஸ்-பியூலோ என்னும் உயர்குடிப் பெண்மணி இவரைச் சந்தித்து, இவரது கொள்கையின் தீவிர ஆதரவாளர் ஆனார். 1850 இல் அருகிலிருந்த மரியந்தால் மாளிகையில் பயிற்சிப் பள்ளி அமைந்தது. 1851 இல் தம் மாணவியான லூயிசா லெவினை ஃபிரோபெல் மறுமணம் செய்துகொண்டார்.

பிரஷ்ய அரசின் தடை

1848 ஆம் ஆண்டுப் புரட்சி ஒடுக்கப்பட்ட பின்னர், பிரஷ்ய அரசு புதிய இயக்கங்கள் அனைத்தையும் ஐயத்துடன் நோக்கியது. ஆகஸ்ட் 7, 1851 அன்று கல்வி அமைச்சர் ஃபான் ரவ்மர் கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தார். அவை சமதர்மத்தையும் நாத்திகத்தையும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. ஃபிரோபெலின் அண்ணன் மகனான கார்ல் ஃபிரோபெல், பெண்களுக்கான உயர்கல்வியையும் கிண்டர்கார்ட்டன்களையும் பற்றி ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். அந்நூலின் கருத்துகள் சிறிய தந்தையின் கருத்துகளாகவே கொள்ளப்பட்டன.

ஃபிரோபெல் தம் நூல்களை அனுப்பி, இரண்டும் வெவ்வேறு என விளக்கினார். தவறு சுட்டிக்காட்டப்பட்ட பின்னரும் தடை நீக்கப்படவில்லை. இறைநம்பிக்கையையே தம் கல்விக் கொள்கையின் அடித்தளமாகக் கொண்டிருந்த இவருக்கு நாத்திகக் குற்றச்சாட்டு பெரும் துயரத்தை அளித்தது. 1852 இல் கோத்தா நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு இவரை எழுந்து நின்று வரவேற்றது. சில வாரங்களில், ஜூன் 21, 1852 அன்று மரியந்தாலில் தமது 70 ஆம் வயதில் காலமானார். அருகிலுள்ள ஷ்வைனாவில் அடக்கம் செய்யப்பட்டார். தடை 1860 இல்தான் நீக்கப்பட்டது.

மறைவுக்குப் பின்

தடையின் காலத்தில் மாரன்ஹோல்ட்ஸ்-பியூலோ பல ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று இம்முறையைப் பரப்பினார். ஜெர்மனியிலிருந்து வெளியேறியவர்களும் இதைத் தம்முடன் கொண்டு சென்றனர். 1856 இல் மார்கரெத்தா ஷூர்ஸ் அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் ஜெர்மன் மொழிக் கிண்டர்கார்ட்டனைத் தொடங்கினார். 1873 இல் சூசன் புளோ செயின்ட் லூயிஸ் நகரப் பொதுப் பள்ளியில் இதை அறிமுகப்படுத்தினார். ஜப்பானில் 1876 இல் தோக்கியோவில் கிண்டர்கார்ட்டன் தொடங்கப்பட்டது. அந்நாட்டின் மரபான தாள் மடிப்புக் கலையுடன் ஃபிரோபெலின் மடிப்பு முறைகளும் கலந்தன. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் சிறு வயதில் இப்பரிசுப் பொருள்களுடன் விளையாடியவர்.

ஃபிரோபெலின் உறவினரும் மாணவியுமான ஹென்ரியட் ஷ்ராடர்-பிரைமன் பெர்லினில் பெஸ்டலாட்சி-ஃபிரோபெல் இல்லத்தை உருவாக்கினார். அங்கு சமையல், துணி துவைத்தல், தோட்ட வேலை ஆகிய உண்மையான வீட்டு வேலைகளில் குழந்தைகள் பங்கேற்றனர். பருவத்துக்கு ஏற்ப மாதந்தோறும் ஒரு பொருள் தேர்ந்தெடுக்கப்பட்டு, வேலைகளும் கதைகளும் பாடல்களும் அதனையொட்டி அமைந்தன.

விமர்சனங்கள்

ஃபிரோபெலின் எழுத்து நடை கடினமானது. வடிவங்களுக்கு இவர் கூறும் தத்துவ விளக்கங்கள் குழந்தைகளுக்கு எட்டாதவை என்ற கருத்து உண்டு. இவருக்குப் பின் வந்த சிலர் பரிசுப் பொருள்களையும் கைவேலைகளையும் வரிசை மாறாத பயிற்சிகளாக மாற்றினர். நுண்ணிய புள்ளி குத்தலும் தையலும் சிறு குழந்தைகளின் கண்களுக்கும் விரல்களுக்கும் ஏற்றவை அல்ல என 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க உளவியலாளர்கள் எடுத்துரைத்தனர். அறிஞர் ஜான் டூயி, ஃபிரோபெலின் அடிப்படைக் கொள்கையை ஏற்றுக்கொண்டு, தம் சிகாகோ பள்ளியில் சமையலையும் தையலையும் நெசவையும் குழந்தைகளின் பாடங்களாக்கினார்.

நினைவுச் சின்னங்கள்

ஷ்வைனாவில் உள்ள கல்லறையின் நினைவுச் சின்னம் கனசதுரம், உருளை, கோளம் ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட வடிவில் உள்ளது. இவை ஃபிரோபெலின் இரண்டாம் பரிசில் உள்ள வடிவங்களாகும். பாட் பிளாங்கன்பர்க்கில் ஃபிரோபெல் அருங்காட்சியகம் அமைந்துள்ளது.