குளத்தில் முன்பு என்ன இருந்தது என்று எழுதிவைத்தவர்

குளம் துப்புரவாக்கும் சிரமதானத்தில் இறங்கியவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். தண்ணீருக்கு மேல் எல்லாமே பச்சைதான். எதைப் பிடுங்கிக் கரையில் போடுவது, எதை விட்டுவைப்பது? அல்லியும் கொட்டியும் குளத்துக்குரியவை. ஆற்றுவாழையும் சல்வீனியாவும் பிறகு வந்து குளத்தை மூடியவை. இதை இன்று உறுதியாகச் சொல்ல முடிவதற்கு, பேராதனையில் இருந்து எழுதிய ஹென்றி ட்ரைமன் முக்கிய காரணம்.

1843இல் இலண்டனில் பிறந்தவர். மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றாலும் மனம் செடிகளிலேயே கிடந்தது. 1866இல் இலண்டனுக்கு அருகே ஸ்டெயின்ஸ் பகுதியில் வொல்ஃபியா என்ற நீர்த்தாவரத்தைக் கண்டுபிடித்தார். கடுகை விடச் சிறியது, வேரே இல்லாதது. அதுவரை பிரித்தானியாவில் யாரும் அதைப் பதிந்திருக்கவில்லை. தண்ணீரில் மிதக்கும் பச்சைப் பொட்டைக்கூட விடாமல் பார்த்த அந்தக் கண்தான் பின்னர் இலங்கைக்கு வந்தது.

பிரித்தானிய அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர், 1880இல் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராகப் பொறுப்பேற்றார். அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது சிங்கோனாவும் தேயிலையும். பூங்கா தோட்டத்துரைமாருக்காகவே இயங்கியது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ட்ரைமன் இன்னொரு வேலையையும் விடாமல் செய்தார். தீவில் இயற்கையாக வளரும் பூக்கும் தாவரங்கள் அனைத்தையும் விவரித்து, எங்கே வளர்கின்றன என்று குறித்து, தெரிந்தவற்றுக்குச் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் சேர்த்தார். அந்தப் பெயர்களைச் சொல்லிக்கொடுத்த ஊரவர்களைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை.

முதற்பாகம் 1893இல் வந்தது. தாமரையும் அல்லியும் அதில் உள்ளன. 1895க்குள் மூன்று பாகங்கள் வெளியாகின. காது கேட்கவில்லை, கால்களும் செயலிழந்தன, எழுத்தை நிறுத்தவில்லை. 1896 ஒக்டோபரில், 52 வயதில் இறந்தார். மிகுதி இரண்டு பாகங்களையும் அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து ஜோசப் ஹூக்கர் 1898இலும் 1900இலும் முடித்துக்கொடுத்தார். கொட்டி வருவது அப்படி வந்த நான்காம் பாகத்தில்தான்.

இந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். தென்னமெரிக்காவின் ஆற்றுவாழை அழகுச்செடியாக இலங்கைக்குள் வந்தது 1905 அளவில். 1909இலேயே அதை ஒழிக்கச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. சல்வீனியா 1939இல், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் பிரிவு வழியாக வந்தது. இரண்டும் வருவதற்கு முன்பே ட்ரைமனின் பட்டியல் மூடப்பட்டுவிட்டது. பதிவு கையில் இல்லாமல் இழந்ததைக் கேட்பது எவ்வளவு கடினம் என்பது எங்கள் சனத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆற்றுவாழை மூடினால் வெளிச்சம் உள்ளே போகாது, ஒட்சிசன் குறையும், மீனும் வலையும் பாதிக்கப்படும். அதனால் கண்காணிப்பு என்றதும் எல்லோரும் அதையே அளக்கிறார்கள். குளத்தில் குறித்த இடங்களுக்கு மாரியிலும் கோடையிலும் போய், அல்லி எவ்வளவு, கொட்டி இன்னும் இருக்கிறதா என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ட்ரைமனின் ஐந்து பாகங்கள் இருக்கின்றன.